கழுத்துக்குத் திரும்பும் டேப்

அக்கி ஆறி ஒரு வருஷமாகியும் டெய்லரின் இடது தோள் நரம்பு ஆறவில்லை. துணி பட்டாலே எரிகிறது. ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர், தன் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் தொங்க வேண்டிய அளவு டேப் இடுப்பில் கிடக்கிறது. தோளைச் சுற்றி ஒட்டிய பட்டைகளுக்குச் சோப்பு டப்பா அளவுப் பெட்டியிலிருந்து வலியை அடக்கும் லேசான கரண்ட் போகிறது. தெரபிஸ்ட் பெண் குமிழை மெல்லத் திருகுகிறாள். "என்ன பண்ணுது மாஸ்டர்?" "எறும்பு ஊருதும்மா. நல்ல எறும்பு, கடிக்கல." "ஒரு வருஷமா இவர் வாயால நல்ல பேர் வாங்கின முதல் ஜீவன்," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மனைவி. அவர் பெட்டியின் பச்சை விளக்கையே பார்க்கிறார். பிறகு டேப்பை உருவி மனைவியிடம் நீட்டுகிறார். "போட்டுத்தான் பாரேன்." அவள் அதைப் பாம்பைப்போல இரண்டு விரலால் பிடித்து, கழுத்தைச் சுற்றித் தோளில் இறக்குகிறாள். டேப் பட்டும் தோள் துள்ளவில்லை. அவர் குனிந்து இரண்டு முனைகளையும் பார்க்கிறார். "இடது பக்கம் ஒரு இஞ்சு ஏறியிருக்கு. இழுத்து விடு."