யாராவது ஒருவர் குற்றவாளி

இரண்டு பேரில் தப்பு யார் மேல் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் அதிகாரி.

யார் மேலும் இல்லை, பேசி முடிவு செய்துதான் பிரிகிறோம் என்றேன். என் கணவரும் தலையாட்டினார்.

அது காரணமாகாதாம். இந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லையாம்.

இரண்டு பேர் சம்மதம் போதும் என்று எங்கள் கல்யாணத்துக்கு முத்திரை குத்தியது இதே அலுவலகம்தான். பிரியும்போது மட்டும் இவர்களுக்கு ஒரு குற்றவாளி வேண்டும்.

அடிப்பாரா, குடிப்பாரா என்று ஆரம்பித்து, ஒரே கட்டிலா தனித்தனியா என்பதுவரை வந்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் ஃபைலைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். எங்கள் கட்டிலைப் பற்றி நாங்களே அத்தனை பேசியதில்லை.

அடுத்தவர் படுக்கையறையை எட்டிப் பார்க்கச் சம்பளம், அதற்கு ஓய்வூதியம் வேறு.

காரணம் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்து காட்டுங்கள் என்றார். எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, வீடும் பார்த்தாகிவிட்டது. வாழ்ந்து காட்ட நாங்கள் என்ன சர்க்கஸா?

ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்தோம். இந்த ஆளுக்கு ஒரு பொய்யைச் சொல்லித் தொலைப்போம் என்றேன். அவருக்கு வேறு ஒரு பெண்ணோடு பழக்கம் என்று நான் சொல்வது, ஆமாம் என்று அவர் ஒத்துக்கொள்வது. யோசனை என்னுடையதுதான்.

அவர் கைப்பிடியைப் பார்த்தபடி நின்றார்.

நல்ல மனிதர் தலையில் வீண்பழி போடுகிறோமே என்று எனக்குக் கூசியது. மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

உள்ளே போய்ச் சொன்னதும் அதிகாரிக்கு முகமெல்லாம் பல்.

"யாருங்க அந்தம்மா?" என்று என் கணவரைக் கேட்டார்.

அவ்வளவு தூரம் நாங்கள் யோசித்திருக்கவில்லை. என் கணவர் எலக்ட்ரீஷியன். ஒயர் இழுக்கத் தெரியும், கதை கட்டத் தெரியாது.

"மோட்டாருக்குச் செப்புக் கம்பியில காயில் கட்டுற கடை வச்சிருக்காங்க," என்றார். "என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க. இடது காது கேக்காது. வலது பக்கமா உக்காந்துதான் பேசணும்."

அதிகாரி எழுதிக்கொண்டே போனார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை வருடம் எனக்குத் தெரியாதது, எனக்கும் அரசாங்கத்துக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. நல்ல மனிதரை விட்டுப் போகிறேன் என்ற நினைப்பாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதையும் தோண்டியெடுத்து மேஜைமேல் போட்டுவிட்டார்கள்.

எழுதி முடித்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கணவரைப் பார்த்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

அந்த ஆள் பேசியதில் நான் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.