முட்டை நாள்

நொறுக்குத்தீனிக்குச் சாயப்பொடி கலக்கும் ஆலையில் செல்வராணிக்கு வேலை. அந்த ஆரஞ்சுப் பொடியைக் கடையில் விற்கத் தடையில்லை. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தின்னலாம். பள்ளிச் சாப்பாட்டில்தான் அதன் வாடைகூட இருக்கக் கூடாது. பிள்ளைகள் ஏந்தியதும் தட்டே சோதித்துவிடும். துளி சாயம் பட்டிருந்தாலும் தட்டு சிவக்கும். சோற்று அண்டாவின் மூடி தானாகப் பூட்டிக்கொள்ளும்; அந்தப் பிள்ளைக்கு அன்று சாப்பாடு கிடையாது.

மகள் தன்ஷிகாவின் தட்டு திங்களும் சிவந்தது, செவ்வாயும் சிவந்தது. செல்வராணி சமையல்கூடத்துக்கே போய் நின்றாள்.

"புள்ள கடையில எதையும் வாங்கித் திங்கலக்கா."

சமையல்கார மாலையம்மாள் அவள் விரல்களைப் பார்த்தாள். "காலையில யாரு சடை பின்னிவிட்டா?"

"நான்தான். சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டேன்."

"நகக்கண்ணுல இருக்கே, தாயி. புள்ள தலையச் சொறிஞ்சிட்டுத் தட்டப் பிடிக்கா. நான் என்ன செய்ய? கரண்டிதான் என் கையில இருக்கு."

மறுநாள் முதல் பக்கத்து வீட்டில் சடை பின்னிவிட்டார்கள். தட்டு சிவக்கவில்லை. செல்வராணிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் தன்ஷிகா தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். செல்வராணி பதறிக்கொண்டு ஓடினாள். பிள்ளை அழுதபடியே பின்னால் நகர்ந்தது.

"தொடாதம்மா! இன்னைக்கு முட்டை."

நீட்டிய கைகளைச் செல்வராணி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சிரு கண்ணு, எந்திரிச்சிரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.