கல்யாணப் பந்தியில் ஒரு கேப்சூல்

"மீன் தலை உங்களைத்தான் பாக்குது, சம்பந்தி. மூணு கிண்ணம். தப்பிக்க முடியாது."

ஜி பாவ்தியான் சுழல் மேசையைத் திருப்பி, மீனின் தலை லுவான் தேஷெங்குக்கு நேராக வரும்படி நிறுத்திவிட்டுச் சோளச் சாராயத்தை ஊற்றினார். ஷாண்டோங் பந்தியில் மீன் தலை யாரைப் பார்க்கிறதோ அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் அந்த மீனைத் தொடுவார்கள். அதுவும் தேஷெங் பெண்ணைக் கொடுத்தவர். அன்று காலையில்தான் அவர் மகள் பாவ்தியான் வீட்டு மருமகளாகியிருந்தாள். மேசையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி குய்லான் மட்டும் சாராயக் கிண்ணத்தைப் பார்த்தாள். இப்படிப் பந்திக்குப் பந்தி ஊற்றி ஊற்றித்தான் அவருடைய இடது இடுப்பு மூட்டு செத்துப்போனது. வசந்த காலத்தில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். வலது பக்கமும் ஆட்டம் கண்டிருக்கிறது, குடியைத் தொட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் வென் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லியிருந்தார். ஆனால் விதை வியாபாரியான தேஷெங்குக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர்களுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு.

தேஷெங் சட்டைப்பையிலிருந்து மருந்து டப்பாவை எடுத்தார். அதில் மிச்சமிருந்த ஒரே கேப்சூலை எல்லோரும் பார்க்க உள்ளங்கையில் கவிழ்த்து, வெந்நீரோடு விழுங்கினார்.

"இடுப்புல இருக்கறது இரும்பு, சம்பந்தி. அதுல கிருமி ஏறிடுச்சுன்னா திரும்பப் பிளக்கணும். அதுக்குத்தான் இந்த ஆன்டிபயாட்டிக். இதுக்கு மேல நான் குடிச்சா, பொண்ணை அனுப்பற அன்னிக்கே என்னையும் அனுப்ப வேண்டியதுதான்."

பாவ்தியானின் கை அப்படியே நின்றது. ஈரல் கெட்டுவிட்டது, ரத்தக் கொதிப்பு, வீட்டில் திட்டுவாள் என்று எந்தச் சாக்கும் அந்த ஊரில் செல்லாது. இது ஒன்றுதான் செல்லும். 'மருந்தோடு மது, மறுநாள் பாடை' என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

"ஆபரேஷன் ஆகி ஆறு மாசமாச்சே, இன்னுமா மருந்து?" என்று இழுத்தவர், வாசலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அதோ, உங்களுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டரே வர்றார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவரையே கேட்டுருவோம்."

குய்லானின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

ஏனென்றால் ஆன்டிபயாட்டிக் எப்போதோ முடிந்துபோன கதை. கிருமி வராமலிருக்கக் கத்தி வைப்பதற்குச் சற்று முன்னால் ஓர் ஊசி, பிறகு மறுநாள் வரை. அவ்வளவுதான். வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம், தேவையில்லாமல் சாப்பிட்டால் கெடுதல்தான் என்று டாக்டர் வென் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள்தான் நாட்டு மருந்துக் கடையில் காலிக் கேப்சூல் கூடுகளை வாங்கி, தாமரைக்கிழங்கு மாவை அடைத்து, ஒரு மருந்து டப்பாவில் போட்டுக் கணவருக்குக் கொடுத்துவந்தாள். ஒரு வருஷம் சாப்பிடணுமாம், நடுவில் ஒரு சொட்டு குடித்தாலும் உயிருக்கு ஆபத்தாம் என்று கூசாமல் சொல்லிவிட்டாள். அவரும் ஒரு வேளைகூடத் தவறாமல் கேட்டு வாங்கி விழுங்கினார்.

தேஷெங் கைத்தடியை ஊன்றி எழுந்தார். உட்காருங்கள் என்று பலர் சொல்லியும் கேட்காமல் வாசல் வரை போய், டாக்டரின் காதோடு ஏதோ பேசி, தூரத்து மேசையில் பெரியவர்களோடு உட்கார வைத்துவிட்டு வந்தார். உயிர் கொடுத்தவருக்கு மரியாதை செய்கிறார் என்று குய்லான் நினைத்தாள். அந்த நேரத்துக்கு அதுவே போதுமென்று இருந்தது.

பாவ்தியான் விடுகிற ஆளா? புட்டியோடு அந்த மேசைக்கே போய்விட்டார். குய்லான் பின்னாலேயே ஓடினாள்.

"டாக்டர், எங்க சம்பந்தி நிஜமாவே குடிக்கக் கூடாதா?"

டாக்டர் வென் குய்லானைப் பார்த்தார். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"ஒரு சொட்டுகூடக் கூடாது," என்றார் டாக்டர். "நான் வச்ச மூட்டு. நான் சொல்றதுதான் சட்டம்."

"சரி, அப்ப அவருக்குப் பதிலா நீங்க மூணு கிண்ணம்."

டாக்டர் கிண்ணத்தை மெதுவாக நகர்த்தி வைத்தார். "நானும் காலையிலதான் ஆன்டிபயாட்டிக் போட்டேன்."

மேசையே சிரித்தது. வேறு வழியில்லாமல் பாவ்தியானே மூன்று கிண்ணத்தையும் குடித்து மீனைத் திறந்துவைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் குய்லானுக்கு மனசு ஆறவில்லை. கணவர் தப்பித்தது சந்தோஷம்தான். ஆனால் ஊரே மதிக்கும் மனுஷனைப் பச்சைப் பிள்ளை மாதிரி ஏமாற்றி, சபையில் மாவை விழுங்க வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் அவர் குடித்தால் அது அவர் தலைவிதி என்று முடிவு செய்தாள்.

தேஷெங் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார். "கேப்சூல் எங்கே?"

"டப்பா காலியாயிடுச்சுங்க. கல்யாண வேலையில..." அவள் காலி டப்பாவை மேசையில் வைத்தாள். "அந்த மருந்து விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

தேஷெங் நீட்டிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாமரைக்கிழங்கு மாவுதானே, நாளைக்கு நானே வாங்கிட்டு வரேன்," என்றார். "சர்க்கரை கலக்காததா பாத்து வாங்கணும், ஆறு மாசமா ஏப்பம் விட்டா இனிக்குது."