ரப்பர் நாற்காலி

அன்று அந்தப் பழைய காரின் பானட்டுக்குள் இருந்தவர்கள் நால்வர்: எஞ்சின், எண்ணெய் அழுத்தத்தை மீட்டருக்குச் சொல்லும் சென்சார், இரண்டையும் இணைக்க வந்த ரப்பர் ஹோஸ், மின்சாரத்தை எஞ்சின் உடம்புக்குக் கடத்தும், இன்னும் மாட்டாத ஒரு எர்த் வயர்.

"எஞ்சின்மேல் ஆடி ஆடித்தானே முந்தைய சென்சார் உடைந்தது? உன்னைத் தள்ளி, ரப்பர் கிளிப்பில் சொகுசாக உட்கார வைத்துவிட்டேன்" என்றது ஹோஸ், புதுச் சென்சாரிடம்.

எஞ்சின் ஓடியது, மீட்டர் முள் அசையவில்லை. எண்ணெய் ஏறவில்லை என்று நினைத்த மெக்கானிக் தங்கப்பன், எஞ்சினைப் பிரிக்கப் பன்னிரண்டு ஸ்பேனர்களை அடுக்கினார்.

எஞ்சினுக்குத் தன் எண்ணெய்மேல் சந்தேகமே இல்லை. "வாயைத் திறயேன்டா" என்றது சென்சாரிடம்.

"உங்கள் உடம்பைத் தொட்டால்தான் எனக்குப் பேச்சு வரும், அண்ணே. இங்கே சுற்றிலும் ரப்பர்."

"சொகுசு கிடைத்ததே, அனுபவி" என்ற வயர், நழுவித் தங்கப்பன் கையில் விழுந்தது. அவர் நெற்றியில் தட்டிக்கொண்டு, அதைச் சென்சாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே முடுக்கினார். முள் நாற்பதில் நின்றது.

வேலைக்கு ஆனது ஒரு ஸ்பேனர். மிச்சம் பதினொன்று.