இயந்திரம் துப்பிய சீட்டு

இரு கட்சிகளும் தத்தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு தேவாலயத்தின் அடித்தள அறையில், ஆறிப்போன காப்பி வாசனைக்கு நடுவே, வாக்கு இயந்திரம் வெர்னாவின் சீட்டை மறுபடியும் துப்புகிறது. "ரெண்டு கட்சியிலயும் போட்டா செல்லாதுக்கா. ஏதாவது ஒண்ணுலதான்," என்று தேர்தல் அலுவலர் டுவேன் புதுச் சீட்டை நீட்டுகிறார். "என்ன எழவு சட்டம்டா! போலீஸ் தலைவர் ஷெரீஃபா அந்த முரடன் வந்துடக் கூடாதுன்னு அவங்க கட்சியில அவன் எதிராளிக்குப் போட்டேன். எங்க கட்சியில மாவட்ட கிளார்க் பதவிக்கு என் தங்கச்சி நிக்கிறா. யாரை விடச் சொல்ற?" டுவேன் வாக்களிக்கும் மறைப்பைக் கைகாட்டுகிறார். மறைப்புக்குள் வெர்னாவின் பேனா தங்கையின் பெயர் மேல் நின்று, பெருமூச்சுடன் முரடனின் எதிராளிக்கு நகர்கிறது. இம்முறை இயந்திரம் சத்தமில்லாமல் விழுங்குகிறது. வாசலில் தங்கை ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "உன் ஓட்டைத்தான்க்கா நம்பியிருக்கேன். அந்த முரடனைத் தடுக்கணும்னு என் ஓட்டை நான் அந்தப் பக்கம் போட்டுட்டேன்."