நெவில் ஆக்டன் சொன்னதாக

“நீ சொல்லலைன்னா, உன் வாயில உக்காந்து யாருடா பேசினது?” என்று கேட்டான் காலின்.

கிட்டார் வாசிக்கும் அவன் கையில் அந்த வாரத்துப் பாட்டுப் பத்திரிகை இருந்தது. நெவில் ஆக்டனின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: ‘லண்டன் பாடகர்கள் என்னிடம் வந்து முதலில் மூச்சுவிடக் கற்றுக்கொள்ளட்டும்.’

“சத்தியமா நான் சொல்லலை, காலின்.”

“போன வாரம், லிவர்பூல் பசங்க எல்லாம் உனக்குப் பின்பாட்டு பாடத்தான் லாயக்குன்னு வந்துது. அதுவும் நீ சொல்லலை?”

“எதையுமே நான் சொல்லலைடா.”

ஓல்டம் பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நெவில், அறுபத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில் ஒரே பாட்டில் நாடறிந்தவன் ஆனான். அந்தப் பாட்டு, ரெக்கார்டு விற்பனை வரிசையில் பதினோராம் இடம் வரை ஏறியது. இரண்டாவது பாட்டு நாற்பதாம் இடத்திலேயே தடுமாறியது. அப்போதுதான் பேட்டிகள் வர ஆரம்பித்தன. வாராவாரம் ஒன்று. ஒன்றைவிட ஒன்று திமிராக.

முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு எரிச்சலானார்கள். ரேடியோவில் ஒருவர் அவன் பாட்டைப் பாதியில் நிறுத்தி, “மன்னிக்கணும், இதைக் கேக்கிற தகுதி நமக்கில்லை,” என்றார். முந்தின நாள் பிளாக்பர்னில் அவன் மேடை ஏறியதுமே பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “மூச்சு விட்டுக் காட்டு, கத்துக்கறோம்,” என்றாள். கூடம் மொத்தமும் சேர்ந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டது. நாலு வரி பாடுவதற்குள் இறங்கிவிட்டான்.

நெவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டென்று நிமிர்ந்தான்.

“யார் மாதிரி வேணும்னாலும் குரல் மாத்திப் பேசறவன் நீதானே?”

காலின் பத்திரிகையைத் தூக்கி மேஜைமேல் போட்டான்.

“நீ விழுந்தா என் கிட்டாரும் சேர்ந்துதான் விழும். அதுல எனக்கு என்ன லாபம்? உனக்கு மண்டை குழம்பிப்போச்சு, நெவில்.”

கிட்டாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

புதன்கிழமை, ரெக்கார்டு கம்பெனியில் விளம்பரத்தைக் கவனிக்கும் மிஸ் பில்லிங்கை, தபாலாபீஸிலிருந்து லண்டனுக்கு போன் போட்டுப் பிடித்தான் நெவில்.

“பேட்டியெல்லாம் உங்களுக்கு யார் தர்றாங்க?”

“என்ன கேள்வி இது? நீங்கதான். வாராவாரம் கூப்பிட்டுச் சொல்றீங்க, நான் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பறேன்.”

“நான் கூப்பிடவே இல்லையே.”

“உங்க குரல் எனக்குத் தெரியாதா? இப்ப பேசற அதே குரல். இவ்வளவு பெருமை வேண்டாமேன்னு ஒரு தடவை நானே சொன்னேன். ‘உள்ளதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம், மிஸ்?’னு கேட்டீங்க.”

“இனிமே எதையும் போடாதீங்க.”

“இப்ப இப்படிச் சொல்வீங்க. நாளைக்குக் கூப்பிட்டு வேற மாதிரி சொல்வீங்க,” என்று அலுத்துக்கொண்டு போனை வைத்தாள்.

நெவிலுக்கு இப்போது தன் மேலேயே சந்தேகம் வந்தது. குடித்துவிட்டு உளறுகிறேனோ? அவன் குடிப்பதே அபூர்வம். தூக்கத்தில் எழுந்து போய்ப் பேசுகிறேனோ? வீட்டில் போனே கிடையாது.

சாயங்காலம் அப்பா ஹெர்பர்ட்டும் அவனும் வறுத்த உருளைக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டார்கள். அம்மா போன பிறகு இரண்டு பேர்தான். மகன் பஞ்சாலையை விட்ட நாளிலிருந்து அப்பா அவனிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“பிளாக்பர்ன்ல என்ன ஆச்சு?”

“பாட விடலை.”

“பாட்டாம் பாட்டு. எங்க மில் சங்குக்கு உன்னைவிட சுருதி நல்லா இருக்கும்.” டீயை உறிஞ்சினார். “அவ்வளவு பெரிய பேச்செல்லாம் அச்சாகியுமா ரெக்கார்டு விக்கலை?”

“அப்பா, அது நான் பேசினதே இல்லை.”

“யார் பேசினா என்ன? ஜனங்களுக்குக் காது வேணாமா?” என்றவர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலைத் தபாலில் கம்பெனியின் கடிதம் வந்தது. மூன்றாவது பாட்டு இல்லை. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது.

நெவில் இரண்டு முறை படித்தான். மேடைக்கென்று வாங்கிய கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தான். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மேஸ்திரியிடம் பழைய வேலையைக் கேட்டுப் பார்க்கலாம்.

பஞ்சாலை வாசலை அடைந்தபோது மதியச் சங்கு ஊதியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தெரிந்தவர்கள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, வாசலை ஒட்டியிருந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டைக் கடந்தான்.

அப்போது தன் குரலைக் கேட்டான்.

அதே இழுவை. அதே அழுத்தம். கூண்டின் கதவு ஒருக்களித்திருந்தது. குரல் அதற்குள்ளிருந்து வந்தது. நெவில் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. எனக்கு நிஜமாகவே பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே நீராவி படிந்த கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

தோளெல்லாம் பஞ்சுத் தூசியோடு, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தவர் அவன் அப்பா.

“எழுதிக்கோங்க, மிஸ்,” என்றார் ஹெர்பர்ட். “இந்த நாட்டுல அவனுக்கு ஈடாப் பாட இன்னொருத்தன் பொறக்கலை... அவனுக்கு இல்லைங்க, எனக்கு. எனக்கு ஈடா.”