நடுத்திட்டு

மெஸ் மேசையில் படகுக்காரர் ரெமிஜியுஸ் உப்பை மூன்று குவியலாக வைத்தார். கடலுக்குள் இருக்கும் மூன்று மணல்திட்டுகள் அவை. மறுநாளைக்குப் படகை முழுசாக வாடகைக்குப் பேச வந்திருந்த கோகுலநாதன் நடுக் குவியலைச் சுட்டினான். பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மணிக்கு இங்கதான் சாப்பாடு. பிள்ளைங்களே பன்னெண்டு பேரு. எங்களை இறக்கிட்டு நீ கண்ணுல படாம போயிடணும். போட்டோவுல உன் ஓட்டைப் படகு விழக்கூடாது. நாலு மணிக்கு வந்தா போதும்."

"சார், ரெண்டு மணிக்கு மேல அந்தத் திட்டு..."

கோகுலநாதன் உள்ளங்கையைத் தூக்கி அடக்கினான். இது மூன்றாவது முறை. "படகு ஓட்டத்தான்யா உன்னைக் கூப்பிட்டேன்."

இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கும் தண்ணீர், மூன்றரைக்கெல்லாம் அந்தத் திட்டில் கழுத்தளவு நிற்கும். அதைச் சொல்லத்தான் ரெமிஜியுஸ் மூன்று முறை வாயைத் திறந்தார். இனி திறப்பதாக இல்லை.

"சரி சார். சொன்ன நேரத்துக்கே வாரேன்." சொன்னதும் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

கோகுலநாதன் டீ கிளாஸை மேசையில் ஓங்கி வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தான். சிந்திய டீ நடுக் குவியலைக் கரைத்தது. ரெமிஜியுஸ் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் மனைவி எழுந்திருக்கவில்லை. வெளியே கார் ஹாரன் விடாமல் அலறியது. அவள் மேசையையே பார்த்தாள்.

"மூணு திட்டுன்னு காட்டுனீங்களே அண்ணே, நடுவுல இருந்தது எங்க?"